ஹீட்டர் கம்பமும் இரண்டு மரியாதைக்காரர்களும்

பனி நாட்டு ஊரான காயானியில் அன்று காலை மைனஸ் இருபத்தொன்பது டிகிரி. மெர்வி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் ஒரு முறை முனகியது, இன்னொரு முறை முனகியது, பிறகு அதையும் நிறுத்திக்கொண்டது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் இல்போ, இரவு உடுப்புக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தான். வந்தவன் கையுறையைக் கழற்றி பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினான். காய்ச்சல் பார்க்கிற டாக்டர்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

"இன்ஜின் ஹீட்டர் சூடே ஏறல," என்றான்.

"அது எனக்கே தெரியுது. ஏன் ஏறல?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் மெர்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டிக்கு வேலை போகப்போகிறது, இவனுக்கு என்னவோ பரிசு விழுந்த மாதிரி இருக்கிறது.

வேலை என்றால் சும்மா கிடைத்த வேலையில்லை. இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து, நவம்பரில்தான் பால்டமோ பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை எடுத்தார்கள். அதுவும் சோதனைக் காலம். காலை ஏழு மணிக்கு அவள் போய் நின்றால்தான், இரவெல்லாம் கண்விழித்தவள் வீட்டுக்குப் போகலாம். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஏற்கெனவே ஒரு நாள் தாமதமாகப் போயிருந்தாள். அன்று டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தது இரண்டாவது தாமதம்.

மேற்பார்வையாளர் ராய்லி திட்டவில்லை. "புரியுது மெர்வி, குளிர்காலம் எல்லாருக்கும் கஷ்டம்தான்," என்று ஆரம்பித்தார். இந்த ஊரில் மேலதிகாரி கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. புரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும். "ஆனா இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, இந்த வேலை உனக்குச் சரிப்படாதுன்னுதான் நான் எடுத்துக்கணும்," என்று அதே தணிந்த குரலில் முடித்தார்.

இதை மெர்வி வீட்டுக்கு வந்து இல்போவிடம் வரிக்கு வரி சொன்னாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு, "வயர்தான்," என்றான்.

இல்போவுக்குப் பெயிண்ட் கிடங்கில் மதியத்துக்கு மேல் வேலை. காலையெல்லாம் கார்க்காரர்களின் இணையக் குழுக்களில் உட்கார்ந்திருப்பான். குளிரில் வண்டி கிளம்பவில்லை என்று நாட்டின் எந்த மூலையிலிருந்து யார் அழுதாலும் இவன் போய்ப் பதில் எழுதுவான். அப்படிப்பட்ட மேதையின் வாசலிலேயே ஒரு வண்டி செத்துக் கிடந்தால் விடுவானா? இன்ஜின் ஹீட்டருக்குக் கரண்ட் தர வாசலில் நடப்பட்ட கம்பத்துக்கு இன்ஜினிலிருந்து போகிற வயரை மாற்றினான். கிளம்பவில்லை. அடுத்து, ஹீட்டர் தொடங்கும் நேரத்தை வைக்கிற கம்பத்துக் கடிகாரம், நாம் வைக்கிற நாலு மணியை வேறு மணியாக எடுத்துக்கொள்கிறது என்றான். புதுக் கடிகாரம் வந்தது. அதற்கும் கிளம்பவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்கத் தெரிந்தவன் ஒருவனின் கராஜில் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டரையே மீட்டர் வைத்துச் சோதித்தான். ஹீட்டர் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது என்று மாலை வந்து அறிவித்தான். முகமெல்லாம் எண்ணெய், வாயெல்லாம் பல்.

"அப்ப எதுதான் கெட்டுப்போச்சு?" என்றாள் மெர்வி.

"அதுதான் விஷயமே. எதுவுமே கெட்டுப்போகல."

வேடிக்கை என்னவென்றால், சாயங்காலம் சோதித்துப் பார்த்தால் ஹீட்டர் ஒழுங்காகச் சூடேறும். பானெட் வெதுவெதுவென்று இருக்கும். காலையில் போய்த் தொட்டால் பனிக்கட்டி. மைனஸ் பன்னிரண்டு, பதினைந்து என்றால் ஹீட்டர் இல்லாமலே வண்டி எப்படியோ இருமிக் கிளம்பிவிடும். அதனால்தான் வேலை அதுவரை பிழைத்திருந்தது. இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, வெறுத்துப்போய், மெர்வியே கம்பத்தைத் திறந்து பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் ஒரு கம்பத்துக்கு இரண்டு வண்டி. வலது பக்கம் இவர்களுடையது, இடது பக்கம் எதிர்வீட்டுக் கெரனனுடையது. இரண்டு பக்கமும் தனித்தனிப் பூட்டு, உள்ளே தனித்தனிக் கடிகாரம். எத்தனை மணிக்குச் சூடேறத் தொடங்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், சரியாக இரண்டு மணி நேரம் கரண்ட் வரும். நடுவில் பொதுவாக ஒரு மூடி. அதைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃப்யூஸ். அதன் சுவிட்ச் கீழே விழுந்து, கரண்ட் நின்றுபோய்க் கிடந்தது.

மெர்விக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இவர்கள் நாலு மணிக்கு வைக்கிறார்கள். கெரனனும் ஆறு மணிக்குக் கிளம்புகிறவர், அவரும் நாலுக்குத்தான் வைத்திருப்பார். போதாததற்கு அவர் வண்டிக்குள் ஒரு காற்று ஹீட்டர் வேறு வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து இழுத்தால் பழைய ஃப்யூஸ் என்ன செய்யும், பாவம், விழுகிறது.

மேலே போய் இல்போவை உலுக்கினாள். "ஃப்யூஸ் விழுந்து கிடக்கு. நாமளும் கெரனனும் ஒரே நேரத்துல இழுக்கறோம்."

"ம்ம், எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்துது," என்றான் இல்போ, போர்வைக்குள்ளிருந்து.

"சந்தேகம் இருந்துதா? அப்ப போய் அவர்கிட்ட சொல்லு. ஒருத்தர் நேரத்தை மாத்திக்கிட்டா முடிஞ்சுது."

இல்போ எழுந்து உட்கார்ந்தான். கெரனன் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வா என்று அவள் சொன்ன மாதிரி பார்த்தான். "போய்ச் சொல்றதுன்னா எப்படி? கதவைத் தட்டியா?"

"பின்ன புகைபோக்கி வழியாவா?"

"குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும் மெர்வி. அவர் என்ன நினைப்பார்?"

ஒன்பது வருஷமாக எதிரெதிர் வீடு. இல்போ வெளியே கிளம்பும்முன் கதவுக் கண்ணாடித் துளை வழியாகப் பார்ப்பான். கெரனன் படிக்கட்டில் இருந்தால், அவர் இறங்கிப் போகும்வரை செருப்பு அலமாரியோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நிற்பான். கெரனனும் அதே ஜாதி. மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், காலையில் பெட்ரோல் பங்கில் காபி குடிக்கிற கிழவர் கூட்டத்தில் தன் நாற்காலியை விட்டுக்கொடுக்காதவர். இரண்டு பேரும் கம்பத்தருகே தப்பித் தவறி எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு திசையில் வானத்தைப் பார்ப்பார்கள். இதற்கு இங்கே மரியாதை என்று பெயர்.

"சரி, நீ சொல்ல வேண்டாம். நான் போய்ச் சொல்றேன்."

"வேண்டாம் வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் கீழ்வாசல் கதவில் தொங்கியது. 'ஹீட்டர் கம்பங்களில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுப்பதைச் சில குடியிருப்பாளர்கள் தவிர்க்க வேண்டும். இப்படிக்கு, அக்கறையுள்ளோர்.' கம்பத்தில் சம்பந்தப்பட்டவர் ஒரே ஒரு ஆள். அவர் இருப்பது எதிர்வீட்டில். அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கட்டடம் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று, பெயரை மட்டும் சொல்லாமல்.

விளைவைக் கேட்க வேண்டாம். தரைத்தளத்து டீச்சரம்மா தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று மனம் நொந்து, தன் ஹீட்டர் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு ஸ்கூலுக்கு நடக்க ஆரம்பித்தாள். இரண்டாம் மாடித் தம்பதி பதிலுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், அக்கறையுள்ளோர் முதலில் தங்கள் நாயைக் கவனிக்கட்டும் என்று. நாய் வளர்க்கிறவர் அதற்கு ஒன்று ஒட்டினார். கதவே தெரியவில்லை. இல்போவின் நோட்டீசுக்கு அடியில் மட்டும் யாரோ பென்சிலால் 'மிகச் சரி' என்று எழுதியிருந்தார்கள்.

"பார்த்தியா, புரிஞ்சுக்கறவங்க புரிஞ்சுக்கறாங்க," என்றான் இல்போ.

ஃப்யூஸ் வழக்கம்போல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில், மறுநாள் காலை மைனஸ் முப்பத்துநாலு என்று ரேடியோவில் சொன்னார்கள். மெர்விக்கு மறுநாள் காலை ஷிப்ட். அவள் ரேடியோவை அணைத்தாள், வாசலைத் தாண்டினாள், கெரனன் வீட்டு மணியை அடித்தாள். இல்போ பின்னாலிருந்து "மெர்வி, மெர்வி" என்று காற்றில் கத்திக்கொண்டிருந்தான், சத்தமே வராமல்.

உள்ளே காலடி கேட்டது. துளைக் கண்ணாடி இருண்டது. அப்புறம் ஒன்றுமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரிந்தது. தன் வீட்டில் தினம் பார்க்கிற கூத்துதானே.

மெர்வி குனிந்து, கதவின் கீழ்ப்பாதியில் தபால் போடுகிற துளையின் தகர மூடியைத் தூக்கினாள். "கெரனன், நான் எதிர்வீட்டு மெர்வி. நீங்க நிக்கிறது தெரியுது."

உள்ளிருந்து குரல் வந்தது. "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாம்மா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஹீட்டர் விஷயமா பேசணும்."

"நான் உள்ளாடையோட இருக்கேன்ம்மா."

"நீங்க திறக்க வேண்டாம். இப்படியே பேசுங்க."

அவர் செருப்புப் போடுகிற முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. துளைக்கு அந்தப் பக்கம் கம்பளி மாட்டிய ஒரு முழங்கால் வந்து நின்றது. மெர்வி அந்த முழங்காலிடம் விஷயத்தைச் சொன்னாள். ஃப்யூஸ் விழுகிறது, இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் இழுக்கிறது, நாளைக்குத் தாமதமானால் தன் வேலை போய்விடும்.

"ஃப்யூஸ் விழறது தெரியுமே," என்றது குரல்.

"தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். தினம் நான்தான் அதைத் தூக்கி விடறேன். உன் வீட்டுக்காரரைக் கம்பத்துக்கிட்ட பார்த்தப்ப, வானத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னேனே. வேணும்னா நான் என் நேரத்தை மாத்திக்கிறேன்னேன். அவர் வேண்டவே வேண்டாம்னுட்டார். எங்க வண்டிக்கு ஒரு குறையும் இல்ல, ஹீட்டரே இல்லாட்டியும் ஒரே திருப்புல கிளம்பும்னார்."

மெர்வி திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் நான் எப்படிம்மா மாத்துறது? மாத்தினா அவர் சொன்னது பொய்னு நான் சொல்ற மாதிரி ஆயிடாதா?"

"அப்ப உங்க வண்டி?"

"அதுவும்தான் கிளம்பறதில்ல. பெட்ரோல் பங்குக்கு நடந்து போயிடறேன். போன வாரம் குளிர்ல மூக்கு நுனி விறைச்சு வெளுத்துப்போச்சு."

"கிளம்பாத வண்டிக்கு எதுக்குத் தினம் ஹீட்டர் போடறீங்க?"

"வயரை எடுத்துட்டா, தன்னாலதான் எடுத்துட்டேன்னு அவர் சங்கடப்படுவாரேம்மா."

மெர்வி நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டாள். "கீழ நோட்டீஸாவது பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நியாயமா எழுதியிருந்தாங்க. மிகச் சரின்னு போட்டது நான்தான். ஆனா அது யாரைச் சொல்லுதுன்னுதான் புரியல."

கடைசியில் விஷயம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. தான் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்வதாகவும், நாலு மணியை அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றும் கெரனன் சொன்னார். ஆறு மணிக்குள் தன் இன்ஜின் கொஞ்சம் ஆறிப்போகும், பரவாயில்லை, பானெட் மேல் ஒரு கம்பளியைப் போட்டுவிடுகிறேன் என்றார். மெர்வி அந்த முழங்காலுக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "ஒரே திருப்புல கிளம்புமா?"

இல்போ செருப்பு அலமாரிப் பக்கம் நகர்ந்தான்.

"அடப்பாவி. முதல் வாரமே அந்த மனுஷன் வந்து மாத்திக்கிறேன்னு சொல்லியிருக்கார். நீ என்னடான்னா வயரை மாத்தற, கடிகாரத்தை மாத்தற, வண்டிக்கு அடியில போய்ப் படுக்கற. எல்லாம் யாருக்குக் காட்டறதுக்கு?"

"வேற எங்காவது கோளாறு இருக்கலாம்னு பார்த்தேன்," என்றான் இல்போ. "இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"என் வேலை போயிருந்தா?"

"எதிர்வீட்டு ஆள்கிட்ட போய் என் வண்டி கிளம்பலன்னு எப்படிச் சொல்லுவேன் மெர்வி? எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் வண்டியைக் கிளப்பறாங்க."

இதற்கு மேல் பேசினால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவோம் என்று தோன்றியதால் மெர்வி படுக்கப் போய்விட்டாள். ஏற்பாட்டை மட்டும் தெளிவாகச் சொன்னாள். கெரனன் இரண்டு மணி, நாம் நாலு மணி, நீ எதையும் தொடாதே. ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இல்போ குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்று கீழே போனதுகூட அவள் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது.

காலை ஆறு மணி. சொன்ன மாதிரியே முப்பத்துநாலு. மூக்குக்குள் முடி விறைத்தது. மெர்வி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி முனகக்கூட இல்லை, டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வண்டியில் கெரனன் உட்கார்ந்து திருப்பினார். அங்கேயும் ஒரு டிக்.

அவள் பாய்ந்து இறங்கி நடு மூடியைத் திறந்தாள். ஃப்யூஸ் விழுந்து கிடந்தது.

"நீங்க மாத்தறேன்னு சொன்னீங்களே."

"மாத்தினேனேம்மா. சத்தியமா ரெண்டு மணிக்கு வச்சேன்," என்று கெரனன் தன் பக்கத்துப் பூட்டைத் திறந்து காட்டினார். இரண்டு மணிதான்.

மெர்வி தன் பக்கத்துப் பூட்டைத் திறந்தாள். அங்கேயும் இரண்டு மணி.

அதற்குள் இல்போ இறங்கி வந்துவிட்டான். மனைவியின் முகத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகக் கெரனனை நேராகப் பார்த்தான். "நீங்க வயசானவர். எங்களுக்காக நீங்க எதுக்கு ஆறிப்போன வண்டியில போகணும்னு, நானே ரெண்டு மணிக்கு மாத்திட்டேன். நாலு மணி உங்களுக்குன்னு விட்டேன்."

"ஐயையோ, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதானே நான் மாத்தினேன்."

"தப்பு என்னோடதுதான்."

"இல்ல இல்ல, என்னோடது."

"நீங்க சொல்லக்கூடாது. நான்தான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"நானும் வந்து கேட்டிருக்கணும். ஆனா கதவைத் தட்டறதுன்னா..."

"அதேதான். அதேதான்," என்றான் இல்போ, உணர்ச்சிவசப்பட்டு.

இரண்டு வண்டியும் ஒன்றுபோல் செத்துக் கிடந்தன, எது எதற்கு உயிர் கொடுப்பது? மெர்வி டாக்ஸிக்குப் போன் செய்தாள். ஊரில் பாதி வண்டி கிளம்பவில்லையாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். இரண்டு மரியாதைக்காரர்களும் அவளுக்குப் பின்னால் நின்று, எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். குளிரில் நிற்க வேண்டாம், மேலே வாங்க, காபி போடறேன் என்று இல்போ சொல்வது கேட்டது. அவர்கள் போனார்கள்.

மெர்வி படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து ராய்லியை அழைத்தாள். நடந்ததை நடந்தபடியே சொன்னாள். ராய்லி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"புரியுது மெர்வி," என்றார் கடைசியில். "நீ சிரமப்பட்டு வர வேண்டாம். ராத்திரி ஷிப்ட் பொண்ணே மதியம் வரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டா. அவளுக்கு வீட்டுல ரெண்டு குழந்தை. நாளைக்கும் வர வேண்டாம். மத்த விஷயங்களை ஆபீஸ்லேருந்து சொல்லுவாங்க. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

போன் அணைந்த பிறகும் மெர்வி அதைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. பெரிதாக ஏதாவது உடைந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். உடையவே இல்லை, எல்லாம் கல்லுக்குண்டாட்டம் இருந்தது.

மாடிக்குப் போனபோது வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சமையலறை மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். முதியோர் இல்லத்துக் கிழவர்களுக்கென்று அவள் சுட்டு வைத்திருந்த ஏலக்காய் பன்களில் பாதி காலியாகியிருந்தது. ஒரு காகித உறையின் பின்பக்கம் கம்பத்தைப் படம் வரைந்து, அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தார்கள்.

"வா மெர்வி, வா," என்றான் இல்போ. முகம் ஜொலித்தது. "முடிஞ்சுது. தெளிவா பேசிட்டோம். கெரனன் ரெண்டு மணி, நாம நாலு மணி, யாரும் யாரையும் கேக்காம மாத்தறதில்ல. எவ்வளவு சுலபமான விஷயம் பாரேன். நாளையிலேருந்து நீ சாவியைத் திருப்பறதுதான் தாமதம், வண்டி கிளம்பிடும்."

மெர்வி கோட்டைக் கழற்றவில்லை.

"எங்க போறதுக்கு?" என்று கேட்டாள்.

இல்போ அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு யோசித்தான். "எங்க வேணும்னாலும்," என்றான்.

கெரனனுக்குத்தான் முதலில் உறைத்தது. கடித்த பன்னைத் தட்டில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தேடினார். "நான் கிளம்பறேன்ம்மா, உங்களுக்கு வேலை இருக்கும்..."

"உட்காருங்க கெரனன்," என்றாள் மெர்வி. "காபி ஆறிடும். ரெண்டு பேரும் இருந்து நல்லா பேசுங்க. இந்த வீட்டுல இனிமே காலையில யாருக்கும் அவசரமில்ல."

அவர் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் எழுந்து போவது மரியாதையாக இருக்காது என்று அவருக்குப் பட்டது.